வோக்ஸ் பெயருக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி காலை உங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். முந்தைய நாள்தான் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா இங்கிலாந்தை 6 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துத் தொடரை 2-2 என்று சமன் செய்திருந்தது. அப்பாவுக்கு வயது 84. கிளாக்கோமாவில் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. டெஸ்ட் நடக்கும் நாட்களில் டிவி சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பார். மறுநாள் காலையில் நான் ஸ்கோர்கார்டை வரி வரியாக வாசிப்பேன். அதைக் கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கு முந்தைய நாள் ஆட்டம் முடிந்த மாதிரி. அன்று நான் உட்கார்ந்ததுமே அவர் கேட்ட கேள்வி இது: "வோக்ஸ் பேருக்கு எதிர்ல என்னம்மா போட்டிருக்கு?"

பக்கத்தை மேலும் கீழுமாகத் தேடினேன். நம் பந்துவீச்சாளர் சிராஜின் படங்கள் மூன்று இருந்தன. மூன்றிலும் அவர் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். "சுருக்கமான ஸ்கோர்" என்று நாலு வரி. அதன் கீழே ஒரு கியூஆர் கோடு, "முழு விவரங்களுக்கு ஸ்கேன் செய்யவும்" என்ற குறிப்போடு. வோக்ஸ் பெயரே எங்கும் இல்லை.

அப்பா ஏன் அதைக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். இங்கிலாந்து ஆட்டக்காரர் கிறிஸ் வோக்ஸ் அந்த டெஸ்டின் முதல் நாளே பவுண்டரி பக்கம் பந்தைத் தடுக்கப் பாய்ந்து, இடது தோள்பட்டை நழுவி வெளியே போனவர். முதல் இன்னிங்ஸில் மட்டை பிடிக்க வரவே இல்லை. கடைசி நாள் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது இங்கிலாந்துக்கு இன்னும் 17 ரன் தேவைப்பட்டது. இடது கைக்குத் தூளி கட்டி அதை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு, வலது கையில் மட்டையோடு வோக்ஸ் இறங்கி வந்தார். மைதானம் கைதட்டிய சத்தத்தை வைத்தே அப்பா, "யாரு, வோக்ஸா வர்றான்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஆட்கின்சன்தான் எல்லாப் பந்தையும் ஆடினார். வோக்ஸ் எதிர்முனையில் நின்றார், ஓடவேண்டிய நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். சிராஜின் யார்க்கர் ஆட்கின்சனின் ஸ்டம்பைச் சாய்த்தபோது வோக்ஸின் கணக்கு இதுதான்: ஆட்டமிழக்காமல் 0 ரன், 0 பந்து.

அந்த இரண்டு பூஜ்யமும் ஒரே வரியில் அச்சில் இருப்பதை நான் படித்துச் சொல்ல வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். போனில் தேடி எடுத்துப் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "பேப்பர்ல போடலையா?" என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன்.

அப்பா சின்ன அச்சகம் ஒன்றில் அச்சுக்கோர்ப்பவராக இருந்தவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துப் பழகியவர். ஒரு ஸ்கோர்கார்டில் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் நிறுத்துவது எவ்வளவு பொறுமையான வேலை என்று எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் இரு பக்கமும் ரன் சமமாகி 'டை'யில் முடிந்ததே, அந்த ஸ்கோர்கார்டைத்தான் முதன்முதலாக வெட்டி ஒரு நோட்டில் ஒட்டினார். எனக்கு அப்போது பதினொரு வயது. பசை தடவியது நான். ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574, 5 விக்கெட்டுக்கு 170. இந்தியா 397, 347. கடைசி வரி: மணிந்தர் சிங், எல்பிடபிள்யூ மேத்யூஸ், 0. நாலு வரி மேலே, ரவி சாஸ்திரி, ஆட்டமிழக்காமல் 48. டீன் ஜோன்ஸின் 210 ரன்னுக்குப் பக்கத்தில் அப்பா பென்சிலால், "வாந்தி எடுத்துக்கொண்டே ஆடினார், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

அப்பாவின் வழக்கம் அது. கார்டில் வராத விஷயத்தை ஓரத்தில் எழுதி வைப்பார். 1999 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். சச்சின் முதுகுவலியோடு அடித்த 136 அந்தப் பக்கத்தில் இருக்கிறது. சக்லைன் முஷ்டாக் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்து விக்கெட் எடுத்தது இருக்கிறது. வெங்கடேஷ் பிரசாத் 33 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தது இருக்கிறது. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில், "பாகிஸ்தான்காரர்கள் சுற்றி வந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்." அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவும் எழுந்து நின்றார். நான் பார்த்தேன்.

இப்போது அப்படி ஏழு நோட்டுகள் ஆகிவிட்டன. பார்வை போன பிறகும் ஒட்டுவதை நிறுத்தவில்லை. ஒட்டிய தாளின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, நேராக இருக்கிறதா என்று சொல்வார். ஓரக் குறிப்பை அவர் சொல்ல நான் எழுதுகிறேன். கடைசியாக ஒட்டியது இந்த ஜனவரி வந்த சிட்னி டெஸ்ட். ஜூன் மாதம் இங்கிலாந்துத் தொடர் தொடங்கியதிலிருந்து உங்கள் பக்கத்தில் முழு ஸ்கோர்கார்டு வரவில்லை.

இதனால் எனக்கும் என்னைப் போன்ற வாசகர்களுக்கும் என்ன நஷ்டம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். லார்ட்ஸ் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 15 காலை உங்கள் சுருக்கமான ஸ்கோர் இப்படி இருந்தது: "இங்கிலாந்து 387, 192. இந்தியா 387, 170 (ஜடேஜா 61*). இங்கிலாந்து 22 ரன்னில் வெற்றி." (நட்சத்திரக் குறி என்றால் ஆட்டமிழக்கவில்லை.) தலைப்பில் சிராஜின் துரதிர்ஷ்டம். பஷீரின் பந்தை அவர் தடுத்தார், பந்து உருண்டு பின்னால் போய் ஸ்டம்பில் பட்டது, ஒரு பெயில் விழுந்தது. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்ட அவருடைய படம். எல்லாம் சரிதான். ஆனால் அன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் மகன் போட்ட முதல் செய்தி, "சிராஜ் தோற்கடிச்சுட்டான்." அவனுக்கு இருபது வயது. ஆட்டத்தை முழுசாகப் பார்க்க நேரம் இல்லை, படத்தையும் தலைப்பையும்தான் பார்த்திருக்கிறான்.

முழு கார்டு இருந்திருந்தால் அவன் என்ன பார்த்திருப்பான்? ஜடேஜா 61, 181 பந்து. பும்ரா 5, 54 பந்து. சிராஜ் 4, 30 பந்து. மட்டை பிடிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கும் இரண்டு பேர் சேர்ந்து 84 பந்து கட்டை போட்டிருக்கிறார்கள். விக்கெட் வீழ்ச்சி வரியில் 112-க்கு எட்டாவது, 147-க்கு ஒன்பதாவது, 170-க்குப் பத்தாவது என்று இருக்கும். கடைசி இரண்டு விக்கெட்டுக்கு மட்டும் 58 ரன். இன்னும் மேலே, இங்கிலாந்தின் இரண்டாவது இன்னிங்ஸில் "உதிரிகள் 32" என்று ஒரு வரி, மட்டையால் வராமல் நாம் கொடுத்த எக்ஸ்ட்ரா ரன்கள். நாம் தோற்றது 22 ரன்னில். அந்த 32 உங்கள் தலைப்பிலும் இல்லை, சுருக்கத்திலும் இல்லை. முழு ஸ்கோர்கார்டு போட்டிருந்தால் அது இருந்திருக்கும். நான் போனைப் பார்த்துப் படித்துக் காட்டியபோது அப்பா அந்த இடத்தில் என்னை நிறுத்தி இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "சிராஜோட நாலு ரன்னைப் பார்க்காதேன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லு. முப்பது பந்தைப் பார்க்கச் சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். அவனும் கேட்டுக்கொண்டான். ஆனால் ஓவலில் நாலாவது நாள் முடிந்ததும் மறுபடியும் அதே கதை. புரூக் 19 ரன்னில் இருந்தபோது சிராஜ் கேட்ச் பிடித்துவிட்டு எல்லைக் கயிற்றை மிதித்துவிட்டார், அவுட் ஆக வேண்டியது சிக்ஸர் ஆகிவிட்டது. புரூக் 111 எடுத்தார். ஆகஸ்ட் 4 காலை எங்கே பார்த்தாலும் அந்தக் கயிற்றை மிதித்த கால்தான். உங்கள் செய்தியும் அதில்தான் தொடங்கியது. அன்று முழு கார்டை நீங்கள் போட்டிருந்தால் ஒரு வரி வந்திருக்கும்: புரூக், கேட்ச் சிராஜ், பந்துவீச்சு ஆகாஷ் தீப், 111. அந்த மனிதர் கடைசியில் அதே புரூக்கின் கேட்சைப் பிடித்தும் இருக்கிறார். அதை எத்தனை பேர் கவனித்தார்கள்? மறுநாள் அவரே ஸ்மித்தையும் ஓவர்ட்டனையும் ஆட்கின்சனையும் வீழ்த்தி ஜெயிக்க வைத்தார், இன்னிங்ஸில் 5 விக்கெட். உடனே படம் மூன்று. ஐந்து டெஸ்டும் ஆடி 185.3 ஓவர், அதாவது 1,113 பந்து வீசி 23 விக்கெட் எடுத்தவரை ஜூலை 15-இல் ஒரு மாதிரியும் ஆகஸ்ட் 4-இல் ஒரு மாதிரியும் ஆகஸ்ட் 5-இல் ஒரு மாதிரியும் நாம் பேசியிருக்கிறோம். அவர் மூன்று நாளும் ஒரே ஆள்தான்.

ரசிகர்கள் ஆட்டக்காரர்களைத் திட்டுவதற்கு உங்கள் நாளிதழ் காரணம் என்று நான் சொல்லவில்லை. திட்டுகிறவன் எதைப் பார்த்தாலும் திட்டுவான். ஆனால் யோசித்துப் பேச விரும்புகிறவனுக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ள ஒரு தாள் வேண்டும்.

சாய் சுதர்சனையே பாருங்கள். ஹெடிங்லியில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸ். இந்தியா முதல் நாள் முடிவில் 3 விக்கெட்டுக்கு 359. உங்கள் சுருக்கத்தில் ஜெய்ஸ்வால் 101, கில் 127*, பந்த் 65*. சுதர்சன் பெயர் இல்லை, ஏனென்றால் அவர் 0. "அந்தப் பையன் எத்தனை பந்து ஆடினான், எப்படி அவுட்?" என்று அப்பா கேட்டார். நாலு பந்து. கால் பக்கம் போன பந்தைத் தொட்டு, ஸ்டோக்ஸ் பந்தில் ஸ்மித்திடம் கேட்ச். அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தானே? ஓல்டு டிராஃபோர்டில் அவர் எடுத்த 61-க்கு 151 பந்து ஆடினார் என்று தெரிந்தால்தான் முதல் நாளின் அந்தப் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று தெரியும். அதே டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் மறுபடி 0. அதையும் போடுங்கள். மறைக்க வேண்டாம்.

எட்ஜ்பாஸ்டன் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கில்லின் 269-உம் 161-உம் தலைப்பிலேயே வந்துவிட்டன, ஆகாஷ் தீப்பின் பத்து விக்கெட்டையும் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 407 எடுத்ததே, அந்த 407-க்குள் ஆறு பேர் டக் அவுட், அதாவது ஒரு ரன்கூட எடுக்காமல் அவுட், என்பது கார்டைப் பார்க்காமல் யாருக்கும் தோன்றாது. புரூக்கும் ஜேமி ஸ்மித்தும் மட்டும் 342. அப்பா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஓல்டு டிராஃபோர்டுக்கு வருகிறேன், என் மனதுக்கு மிகவும் நெருங்கிய டெஸ்ட் அது. 311 ரன் பின்னடைவு. இரண்டாவது இன்னிங்ஸில் ரன் எதுவும் எடுக்கும் முன்பே இரண்டு விக்கெட். விக்கெட் வீழ்ச்சி: 1-0, 2-0. அடுத்த எண் 188. நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் ராகுலும் கில்லும். ராகுல் 90, 230 பந்து. கில் 103, 238 பந்து. அப்புறம் ஜடேஜா 107*, 185 பந்து, வாஷிங்டன் சுந்தர் 101*, 206 பந்து. 143 ஓவர் ஆடி 4 விக்கெட்டுக்கு 425, டிரா. உங்கள் செய்தியில் பாதி, கடைசி ஒரு மணி நேரத்தில் டிராவாக முடித்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் கை கொடுக்க வந்ததும், சதத்தை நெருங்கியிருந்த ஜடேஜாவும் சுந்தரும் மறுத்ததும் பற்றித்தான். அதைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லலாம். கடைசி நாள் மணிக்கணக்காக நின்று 200 பந்துக்குப் பக்கம் ஆடியவனுக்குச் சதம் போட உரிமை உண்டா இல்லையா என்பதை, பந்துக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். நான் உண்டு என்ற கட்சி. அப்பாவும்தான்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுத அப்பா சொன்னது ரிஷப் பந்த் பற்றி. முதல் இன்னிங்ஸில் 37-இல் காலில் அடிபட்டுப் போய், எலும்பு முறிந்த காலோடு மறுநாள் திரும்பி வந்து 54 வரை ஆடினார். கார்டு அதைச் சொல்லாது. கார்டு எல்லாவற்றையும் சொல்லும் என்று நான் வாதாடவில்லை. ஓரத்தில் எழுதுவதற்கு முதலில் நடுவில் ஒரு கார்டு வேண்டும்.

பந்துக் கணக்கை நான் இத்தனை தடவை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவின் பழைய நறுக்குகளில் அது கிடையாது, ரன் மட்டும்தான். 2021 ஜனவரி சிட்னி டெஸ்டின் நறுக்கில் இருக்கிறது. ஹனுமா விஹாரி 23*. ரன்னை மட்டும் பார்த்தால் யார் நினைவு வைத்திருப்பார்கள்? பக்கத்தில் 161 பந்து என்று இருக்கிறது. அஸ்வின் 39*, 128 பந்து. விஹாரிக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது, அஸ்வினுக்கு முதுகு. ஸ்டம்ப் மைக்கில் அஸ்வின் தமிழில் பேசி விஹாரியைத் தேற்றியது வீட்டில் டிவி வழியாக எங்களுக்கெல்லாம் கேட்டது. டெஸ்ட் காப்பாற்றப்பட்டது. அந்தக் கார்டில் பந்துக் கணக்கு என்ற ஒரு பத்தியை எடுத்துவிட்டால் அன்றைய நாளே இல்லாமல் போய்விடும்.

போனில் எல்லாம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நானும் பார்க்கிறேன். ஆனால் நான் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை செய்பவள். அன்றன்றைக்கு வரவு செலவை முடித்து, இருப்பைக் கட்டி, கையெழுத்துப் போட்டு மூடும் பழக்கம் எனக்கு உண்டு. போனில் இருக்கும் ஸ்கோர்கார்டு மூடப்படுவதே இல்லை. மூன்றாம் நாள் முதல் பந்து வீசப்பட்டதும் இரண்டாம் நாள் மாலை இருந்த கார்டு அழிந்துவிடும். ஐந்தாம் நாள் முடிந்தால் கடைசி நிலைதான் முன்னால் நிற்கும். இரண்டாம் நாள் இரவு யார் எத்தனையில் ஆட்டமிழக்காமல் இருந்தார், யாருக்குத் தூக்கம் வந்திருக்காது என்பதெல்லாம் நாளிதழில்தான் அப்படியே நின்றது. நாளேடு என்ற சொல்லுக்கே அன்றாடக் கணக்கை எழுதி வைக்கும் ஏடு என்றும் பொருள் இருக்கிறதே.

அச்சுக்கு நேரம் பற்றாது என்பதும் எனக்குப் புரிகிறது. இங்கிலாந்தில் காலை 11 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மதியம் 3.30. முடிய இரவு 10.30, 11 ஆகிவிடும். அப்படியானால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், நாங்கள் காத்திருப்போம். ஆனால் ஓவலின் கடைசி நாள் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள், நமக்குச் சாயங்காலமே முடிந்துவிட்டது. அன்று இடம் மட்டும்தான் வேண்டியிருந்தது. சிராஜின் ஒரு படத்தைக் குறைத்திருந்தால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், இடையில் சொல்லிவிடுகிறேன். ஒரே பக்கத்தில் பும்ரா என்றும் பூம்ரா என்றும், வோக்ஸ் என்றும் ஓக்ஸ் என்றும் வருகிறது. வாசித்துக் காட்டும்போது அப்பா இரண்டு பேரா என்று கேட்கிறார். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2025 அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வருகிறது, நவம்பரில் தென்னாப்பிரிக்கா. இரண்டு தொடரும் இங்கேயே நடப்பதால் ஆட்டம் சாயங்காலமே முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் முழு ஸ்கோர்கார்டு வேண்டும்: எப்படி அவுட், ரன், பந்து, உதிரிகள், விக்கெட் வீழ்ச்சி, பந்துவீச்சு. பழையபடி சின்ன எழுத்தில் போட்டாலும் போதும்.

அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இந்த இங்கிலாந்துத் தொடரின் ஐந்து டெஸ்டுகளின் ஸ்கோர்கார்டுகளையும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். ஏழாவது நோட்டில் சிட்னிக்குப் பிறகு பத்துப் பக்கம் ஒட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன். ஓரக் குறிப்புகளை அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார், பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டேன். பத்தாவது பக்கத்தில் வோக்ஸ் பற்றி இருக்கிறது.

இப்படிக்கு,
முப்பத்தைந்து ஆண்டுகளாக உங்கள் நாளிதழை வாங்கும் ஒரு வாசகி